பதினாறாவது கட்டம்

இங்க உக்காந்துக்கலாமாம்மா? பின்னாடி அம்புட்டும் நெறஞ்சு போச்சு. பையை நகட்ட வேணாம், இருக்கட்டும். இந்தப் பெட்டிய மடியில வச்சுக்கிட்டு ஒரு ஓரமா ஒட்டிக்கிருவேன்.

நீங்க செம்பட்டியில எறங்குறீங்க. என்னடா இந்த ஆளுக்கு எப்படித் தெரியும்னு பாக்காதீங்க. கண்டக்டர்கிட்ட 'செம்பட்டி ஒண்ணு'ன்னு கேட்டீங்கள்ல, பின் படியில நின்ன எனக்கு அது கேட்டுச்சு. நீங்க கத்தவே இல்ல. பஸ்ஸுல பாட்டு ஓடுது, வெளிய பூக்காரம்மா கூவுது, இஞ்சின் உறுமுது, அத்தனையையும் தாண்டி வந்துச்சு. நல்ல குரலும்மா உங்களுக்கு. தப்பா எடுத்துக்காதீங்க, எனக்குத் தொழிலே அதுதான்.

சன்னாசி சவுண்ட் சர்வீஸ். கேள்விப்பட்டிருப்பீங்க. கேள்விப்படாட்டியும் என் குரலக் கேட்டிருப்பீங்க. வத்தலக்குண்டுச் சுத்துவட்டாரத்துல கும்பாபிஷேகமா, காதுகுத்தா, ஜவுளிக்கடை திறப்பா, 'பேரன்புமிக்க பெரியோர்களே, தாய்மார்களே'ன்னு ஆட்டோவுல போகும் பாருங்க, அது நான்தான். திருவிழாவுல புள்ளையத் தொலைச்ச அம்மாமாரு முதல்ல போலீஸ்காரரத் தேட மாட்டாக, என் மேடையத்தான் தேடி வருவாக. நான் ரெண்டு தடவ சொன்னாப் போதும், புள்ள கெடைச்சுரும். இருபத்தெட்டு வருசமா இதே தொண்டை. ஐஸ் தண்ணி குடிக்க மாட்டேன்.

இந்தப் பெட்டியா? இது என் மகளுது. பேசுற பெட்டி. பாருங்க, மேல நாலுக்கு நாலு, பதினாறு கட்டம். ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு படம். படத்த அழுத்துனா பெட்டி பேசும். முதல்ல யாராச்சும் அதுக்குள்ள பேசிப் பதிஞ்சு வைக்கணும். பின்னாடி ஒரு செகப்பு பட்டன் இருக்கு, அதப் புடிச்சுக்கிட்டு கட்டத்த அழுத்திப் பேசுனா அந்தக் குரல் அதுலயே உக்காந்துக்கிரும். லேசான வேலைதான்.

எம் மக பேரு நிலவழகி. நான்தான் வச்சேன். வீட்டுல நிலா. பதிமூணு வயசு, எட்டாவது முடிச்சிருக்கா. பொறக்கும்போது அழல. அதுல மூளைக்குப் போற காத்து கொறஞ்சு, கையும் காலும் அவ சொன்னபடி கேக்காது, வாயும் கேக்காது. ஆனா புத்தி இருக்கே, அது கத்தி. கணக்கெல்லாம் எனக்கே சொல்லிக்குடுப்பா. சொல்லிக்குடுப்பான்னா, கண்ணால. மேல பாத்தா ஆமா, பக்கத்துல திரும்பிக்கிட்டா இல்ல. அவளும் அவ அம்மாவும் அப்படியே மணிக்கணக்காப் பேசுவாக. எம் பொண்டாட்டி பாண்டியம்மா ரசத்துக்குத் தாளிச்சுக்கிட்டே, 'என்னடி, ரிஸ்வானா உன்கூடச் சண்டையா?'ன்னு கேப்பா. இவ கண்ண உருட்டுவா. அவ, 'சரி சரி, நாளைக்குச் சேந்துக்கங்க'ன்னுவா. எனக்கு ஒண்ணும் வெளங்காது. நான் காது ஆளும்மா. எனக்குச் சத்தம் வேணும்.

அதான் இந்தப் பெட்டி வந்தப்ப அம்புட்டு சந்தோசப்பட்டது நான்தான். பள்ளிக்கூடத்துக்கு வாரத்துக்கு ரெண்டு நாள் இந்த மாதிரிப் புள்ளைகளுக்குன்னே ஒரு டீச்சர் வரும், ஜெசிந்தா மிஸ்ஸுன்னு. அதுதான் எங்கயோ எழுதிப் போட்டு வாங்கிக் கொடுத்துச்சு. போன தை மாசம். குரல் யார் பதியிறதுன்னு பேச்சு வந்துச்சு. கேக்கணுமா? ஊருக்கே பேசுறவன் மகளுக்குப் பேச மாட்டானா?

மிஸ்ஸு இழுத்துச்சு. 'இல்லங்கய்யா, பொண்ணுக்குப் பொண்ணு குரல் இருந்தா நல்லது, அவ வயசுப் புள்ளையா இருந்தா இன்னும் நல்லது'ன்னுச்சு. நான் சொன்னேன், 'மிஸ், நீங்க பாடத்தப் பாருங்க, சவுண்ட நான் பாத்துக்கிறேன்'ன்னு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். அதுவும் சிரிச்சுச்சு.

வீட்டுக்குக் கொண்டாந்து, மஞ்சத் தண்ணி தெளிச்சு, சூடம் காட்டித்தான் பெட்டியத் தொறந்தேன். எங்க தொழில்ல அது ஒரு முறை. புது மைக்கு வந்தா முதல்ல நல்ல வார்த்தைதான் பேசணும். சாவுச் சேதி, திட்டு, கெட்ட சேதி எதுவும் அதுல முதல்ல ஏறப்படாது. ஏறுச்சுன்னா அந்த மைக்கு வெளங்காது. எங்க குரு காலத்துல இருந்து அப்படித்தான். மிஸ்ஸு ஒரு காகிதத்துல எழுதிக் குடுத்து விட்டிருந்துச்சு, இன்னின்ன வார்த்தை பதியணும்னு. பாத்தா எனக்குப் பகீர்னு ஆகிப்போச்சு. 'வேண்டாம்.' 'வலிக்குது.' 'எனக்குப் பயமா இருக்கு.' 'ஏதோ தப்பா இருக்கு, உடனே வாங்க.' இதெல்லாம் ஒரு பொம்பளப்புள்ள இருக்க வீட்டுல ஒலிக்க வேண்டிய வார்த்தையாம்மா? அதுவும் புதுப் பெட்டியில?

'வேண்டாம்' எதுக்குன்னேன் பாண்டியம்மாகிட்ட. எம் புள்ளைக்கு வேண்டாதத நான் ஏன் குடுக்கப் போறேன்? அவ, 'அவகிட்டக் கேளுங்க'ன்னு மட்டும் சொன்னா. நிலாதான் என்னத்தச் சொல்லிருவான்னு நான் கேக்கல. அந்தக் காகிதம் எங்க போச்சோ.

நான் பதிஞ்சேன் பாருங்க! கதவு சன்னலெல்லாம் சாத்தி, பேன அமத்தி, ஒரு ராத்திரி வெந்நி குடிச்சுத் தொண்டையப் பக்குவம் பண்ணிப் பதிஞ்சேன். 'வணக்கம். என் பெயர் நிலவழகி. நான் எட்டாம் வகுப்பு பயில்கிறேன்.' 'பெரியோர்களுக்கு என் பணிவான வணக்கம்.' 'எனக்குப் பசிக்கிறது.' 'நான் நலமாக இருக்கிறேன்.' 'என் அன்னைக்கு என் நன்றி.' 'என் தந்தையே என் வழிகாட்டி.' பதினாறு கட்டமும் நெறஞ்சுச்சு. ஒரு கரகரப்பு இல்ல, ஒரு மூச்சுச் சத்தம் இல்ல. அவ கட்டைவிரல ஒரு மாதிரி மடக்கி முட்டியால அழுத்துவா. முதல் தடவ அழுத்தி, எங்குரல் அவகிட்ட இருந்து வந்தப்ப... நான் அழுதுட்டேம்மா. வெளிப்படையாச் சொல்றேன், குலுங்கி அழுதுட்டேன். அவ என்னையவே பாத்தா. அப்பறம் பக்கத்துல திரும்பிக்கிட்டா. வெக்கம்னு நெனச்சேன்.

பங்குனியில பள்ளிக்கூடத்து ஆண்டு விழா. எங்க சவுண்டுதான். எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. வரவேற்புரைய நிலாவே பேசட்டும்னு. சேர் மேல பெட்டிய வச்சு, பெட்டிக்கிட்ட மைக்க வச்சு, ஒண்ணு ரெண்டு மூணுன்னு வரிசையா அவ அழுத்துனாப் போதும். ஹெட்மாஸ்டரு சம்மதிச்சுட்டாரு. ஜெசிந்தா மிஸ்ஸு மட்டும், 'அவளுக்கு விருப்பமான்னு கேட்டீங்களா?'ன்னுச்சு. அதுக்கு இதே வேலை. எதுக்கெடுத்தாலும் அவளக் கேளு, அவளக் கேளு. நான் சொன்னேன், 'மேடை ஏற விருப்பமில்லாத புள்ள உண்டா மிஸ்?'

தினமும் பயிற்சி. சாயங்காலம் ஆனா, 'ம், அழுத்து தாயி. இன்னொரு தடவ. அவசரப்படாம, நிறுத்தி அழுத்து'ன்னு. நல்லாத்தான் வந்தா. சில நாள் கைய எடுத்துக்கிட்டு அழுத்தவே மாட்டா. புள்ளைதான, அலுப்பு இருக்கும்ல.

விழாவுக்குப் பன்னெண்டு நாள் இருக்கையில அது நடந்துச்சு.

சனிக்கிழமை. மத்தியானம் சாப்புட்டு ஒரு ரெண்டு மணி இருக்கும். பாண்டியம்மா அடுப்படியில நின்னவ அப்படியே சரிஞ்சுட்டா. ரத்தக்கொதிப்பு இருந்திருக்கு, எங்களுக்குத் தெரியல. மூளையில ரத்தம் கட்டிக்கிருச்சுன்னு அப்பறம் சொன்னாக. விழுந்தவளுக்கு வாயும் வரல, கையும் வரல. நிலா ஒரு அஞ்சடி தூரத்துல நடுவீட்டுல சேர்ல உக்காந்திருக்கா. அவளால சேர நகட்ட முடியாது. முன்னாடி பலகையில இந்தப் பெட்டி இருக்கு.

அவ அழுத்தியிருக்காம்மா. எம் மக அழுத்தியிருக்கா. ஒரு தடவ ரெண்டு தடவ இல்ல, ஒண்ணேகால் மணி நேரம். நான் கடையில இருந்தேன். பக்கத்து வீட்டுல ஜெயக்கொடின்னு ஒருத்தி, ஒரே செவுருதான் நடுவுல. அவளுக்குக் கேட்டிருக்கு. வராண்டாவுல உக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டுக் கேட்டுக்கிட்டே இருந்திருக்கா. எந்திரிச்சு வந்து ஒரு எட்டு பாக்கல. மனுசியா அவ? இன்னைக்கு வரைக்கும் அவகூட எனக்குப் பேச்சுவார்த்தை இல்ல. தெருவுல வச்சு நாக்கப் புடுங்கிக்கிற மாதிரிக் கேட்டுட்டேன். அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுமா? 'யோவ், கேட்டது உன் குரலுய்யா. வணக்கம், வணக்கம்னு நீதான பேசுன. ஆம்பள குரல் கேக்குற வீட்டுல ஆம்பள இருக்கான்னுதான நெனப்போம்? நீ மைக்கு டெஸ்டு பண்ணாத நாளு உண்டா?'ன்னு. தெருவே கேட்டுச்சு. வாயாடி.

ஆமா, கடையிலதாம்மா இருந்தேன். ஏன் கேக்குறீங்க?

எங்கன்னா... கடை வீட்டோட முன்பக்கம்தான். தெருவப் பாத்த ரூமு.

அது... நான் சொல்லலையா? சரி, முன்பக்கம்தான். நடுவுல ஒரு கதவு. அன்னைக்குச் சித்தரேவுல இருந்து ஒரு காதுகுத்துப் பார்ட்டி வந்திருந்தாக, மாமனும் மச்சானும். ஹாரன் எத்தன, சீரியல் செட்டு எத்தனன்னு பேசிக்கிட்டு இருந்தோம். உள்ள இருந்து சத்தம் வருது. 'வணக்கம். என் பெயர் நிலவழகி.' மறுபடியும் 'வணக்கம்.' அந்த மாமன்காரரு, 'என்னண்ணே, ரேடியோவா?'ன்னாரு. நான் பெருமையா, 'எம் மக பேசுது. ஆண்டு விழாவுக்குப் பயிற்சி'ன்னேன். அவுகளுக்கு ஒரே ஆச்சரியம். டீ சொல்லியிருந்தேன், டீயக் குடிச்சுக்கிட்டே மூணு பேரும் கேட்டோம்.

அதுக்கப்பறம் மத்ததெல்லாம் விட்டுட்டா. ஒண்ணே ஒண்ணு. 'என் அன்னைக்கு என் நன்றி. என் அன்னைக்கு என் நன்றி.' அந்தக் கட்டத்துலதாம்மா அவ அம்மா படம் ஒட்டியிருந்துச்சு. அந்தப் பதினாறுல அவ அம்மா இருக்கது அது ஒண்ணுலதான். இப்பத் தெரியுது. இப்பத் தெரிஞ்சு என்ன பண்ண? அன்னைக்கு எனக்கு என்ன தோணுச்சுன்னா, வரிசைய மாத்துறாளே, வரவேற்புரையில அது கடைசியிலதான வரணும்னு. நான் கடையில இருந்தபடியே சத்தம் குடுத்தேன்.

'முதல்ல இருந்து அழுத்து தாயி! இன்னொரு தடவ!'ன்னேன்.

அவ அழுத்துனா. அதே கட்டம். நான் மறுபடியும் சொன்னேன். அவ வாயால கத்தவும் செஞ்சா. அவ சிரிச்சாலும் அதே சத்தம்தான், அழுதாலும் அதே சத்தம்தான், எனக்குப் பிரிச்சுத் தெரியாது. அவ அம்மாவுக்குத்தான் தெரியும். அவ அம்மா கீழ கெடக்கா. பார்ட்டிக்காரக அட்வான்ஸக் குடுத்துட்டுக் கெளம்பிட்டாக. நான் ஒரு ஆம்ப்ளிபையரப் பிரிச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். எங்குரலு உள்ள ஓடிக்கிட்டே இருக்கு. கேக்க நல்லாத்தாம்மா இருந்துச்சு. நான் பொய் சொல்லல. நல்லா இருந்துச்சு.

அப்பறம் குரல் கரகரத்துச்சு. விட்டு விட்டு வந்துச்சு. பேட்டரி எறங்குதுன்னு காது சொல்லிருச்சு. பேட்டரி போனா பயிற்சி நின்னு போகுமேன்னு புது செல் நாலு எடுத்துக்கிட்டு உள்ள போனேன்.

போனேன்.

பெரியாஸ்பத்திரியில டாக்டர் கேட்டாரு, விழுந்து எவ்வளவு நேரமாச்சுன்னு. கால் மணி நேரம் இருக்கும்னு சொன்னேன். நிலாவையும் தூக்கிட்டுப் போயிருந்தேன், வீட்டுல யாருகிட்ட விட? பெஞ்சுல சாச்சு வச்சிருந்தேன். நான் கால் மணின்னு சொல்றேன், அவ டாக்டரப் பாத்து முகத்த அந்தப் பக்கம் திருப்புறா. திருப்பித் திருப்பிக் காட்டுறா. டாக்டர், 'பாப்பாவுக்கு வலிப்பு எதுவும் வருமா?'ன்னாரு. இல்லன்னேன். அம்மாவ நெனச்சு பயந்திருக்குன்னேன். அப்பறம் நர்ஸம்மா தனியா வந்து கேட்டுச்சு, அதுகிட்ட உண்மையச் சொல்லிட்டேன். சொல்லிட்டேம்மா. முழுசா இல்லாட்டியும் நேரத்தச் சொல்லிட்டேன்.

இருபத்திரெண்டு நாள் கழிச்சு வீட்டுக்குக் கூட்டியாந்தோம். உசுரு இருக்கு, அது போதும். ஆனா வலது கை, வலது காலு இல்ல. பேச்சும் இல்ல. 'த்த, த்த'ன்னு ஒரு சத்தம் மட்டும் வருது. மத்தவக பேசுறது வெளங்குது, திருப்பிச் சொல்ல வார்த்தை வரல. தண்ணி வேணுமா, வெளிய போகணுமா, எதுவும் தெரியல. நான் ஒண்ணொண்ணாக் கேப்பேன், அவ கட்டில் கம்பியில தலைய முட்டுவா. அவ்வளவு கோவம்.

நிலா இந்தப் பெட்டியத் தொடவே மாட்டேன்னுட்டா. பலகையில வச்சா முட்டியால தள்ளி விடுறா. ஆண்டு விழாவும் போச்சு, எல்லாம் போச்சு. ஜெசிந்தா மிஸ்ஸு வீட்டுக்கு வந்துச்சு. எழுத்து அட்டைன்னு ஒண்ணு, அ ஆவன்னால இருந்து எல்லாம் கட்டம் போட்டிருக்கும். அத முன்னாடி புடிச்சு, 'என்னடா வேணும் உனக்கு?'ன்னு கேட்டுச்சு. ஒரு எழுத்துக்குக் கை போக அரை நிமிசம் ஆகும் அவளுக்கு. நானும் பக்கத்துல நிக்கிறேன். முதல் எழுத்து அ. அப்பறம் ப். அப்பறம் பா. எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துருச்சும்மா. இத்தன நடந்தும் எம் புள்ள முதல்ல என்னையக் கூப்பிடுதேன்னு மண்டி போட்டு உக்காந்துட்டேன். மிஸ்ஸு, 'இருங்கய்யா, அவ இன்னும் முடிக்கல'ன்னுச்சு.

கு. ர. ல். அ. ழி.

அப்பா குரல் அழி.

அது மிஸ்ஸு சொல்லிக்குடுத்ததுதான். வேற என்னம்மா? எம் புள்ளைக்கு அப்படியெல்லாம் தோணாது. எழுத்து அட்டையப் புடிச்சவக எப்படியும் வளைச்சுக்கிறலாம்ல? நான் கேட்டேன் நேராவே. 'என் தொழில் மேல உங்களுக்கு என்ன மிஸ் காந்தல்?'னு. அது கோவிச்சுக்கல. அட்டையக் கீழ வச்சிட்டு, 'நான் ரெண்டு அடி தள்ளி நிக்கிறேன், நீங்களே அட்டையப் புடிச்சுக் கேளுங்க'ன்னுச்சு. நான் புடிக்கல. எதுக்குப் புடிக்கணும்? நேரம் வேற ஆகிப்போச்சு.

அழிச்சிருச்சு. என் கண்ணு முன்னாடியே, பதினாறையும். அப்பறம் அந்த ரிஸ்வானா புள்ளையக் கூட்டியாந்துச்சு, நிலாகூடப் படிக்கிறது. அது மூக்கால பேசும். பேன் ஓடுது, வெளிய நாய் குலைக்குது, எதையும் பாக்காம படபடன்னு பதிஞ்சு விட்டுருச்சு. எல்லாம் நிலா எழுத்துக் காட்டி, அது பேசுனது. 'வேண்டாம்.' 'வலிக்குது.' 'யாராவது வாங்க!' 'அம்மாவப் பாருங்க.' 'எனக்கில்ல, அம்மாவுக்கு.' 'நிறுத்து.' அப்பறம் 'போடி லூசு.' அதக் கேட்டு ரெண்டு புள்ளைகளும் சிரிச்ச சிரிப்பு இருக்கே! கட்டில்ல கெடந்த பாண்டியம்மாவும் ஒருபக்க வாயால சிரிச்சா. ஆஸ்பத்திரியில இருந்து வந்து அன்னைக்குத்தான் சிரிச்சா.

சொன்னா நம்ப மாட்டீங்க, இப்ப பாண்டியம்மாவும் இந்தப் பெட்டியிலதான் பேசுறா. நிலாவோட சேர கட்டிலோட ஒட்டிப் போட்டுருவேன். பாண்டியம்மா இடது கைய நீட்டி அழுத்துவா. எந்தக் கட்டம்னு தடுமாறுனா நிலா கண்ணால காட்டுவா. போன வாரம் ராத்திரி எனக்கு 'நிறுத்து'ன்னு ஒண்ணு விழுந்துச்சு, கொறட்டைக்கு. வீடு கொஞ்சம் வீடு மாதிரி ஆகியிருக்கு. நான் இல்லன்னு சொல்லல. ரிஸ்வானா குரல்ல எம் மகளும் பொண்டாட்டியும் பேசுறாக, நான் வாய மூடிக்கிட்டுக் கேட்டுக்கிறேன்.

ஆனா இங்க பாருங்கம்மா. எண்ணிப் பாருங்க. பதினஞ்சுலதான் படம் இருக்கு. கடைசிக் கட்டம் வெறுசு. என்ன அழுத்துனாலும் ஒண்ணும் வராது. அம்மா இருக்கா, ரிஸ்வானா இருக்கா, மிஸ்ஸு இருக்கு, பூனைக்குக்கூட ஒரு கட்டம் இருக்கு. அப்பான்னு ஒண்ணு கெடையாது. நான் மிஸ்ஸக் கேட்டேன். 'அவ சொல்லலங்கய்யா. அவ சொல்லும்போது போடுவோம். அதுவரைக்கும் அது அவ எடம், காலியாவே இருக்கட்டும்'ன்னுச்சு. ஒன்றரை மாசமாக் காத்துக்கிட்டு இருக்கேம்மா. அவ என்கிட்டப் பேசவே மாட்டேங்குறா. எதா இருந்தாலும் அம்மாவுக்கு அழுத்துவா, அம்மா எனக்கு அழுத்துவா. சோறு ஊட்டுறேன், தலை வாருறேன். என் முகத்தப் பாக்க மாட்டா. பெத்தவன் எத்தன நாளைக்கும்மா தாங்குவான்?

அதான் முடிவு பண்ணிட்டேன். திண்டுக்கல்லுல அமுதவல்லின்னு ஒரு அம்மா, ஜவுளிக்கடை விளம்பரத்துக்கெல்லாம் பொம்பளக் குரல் பேசுறவுக. அவுகளக் கொண்டு ஒரே ஒரு வார்த்தை பதிஞ்சிரலாம்னு கெளம்புனேன். 'அப்பா, இங்க வாங்க.' அம்புட்டுத்தான். எங்குரல்ல வேணாம். எங்குரல் கேட்டா நான் எந்திரிக்க மாட்டேன்னு அன்னைக்கே தெரிஞ்சு போச்சே. படம்கூட ரெடி. பாருங்க, என் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. பசையும் வச்சிருக்கேன்.

இப்ப உங்க குரலக் கேட்டதும் தோணுச்சு, திண்டுக்கல்லு வரைக்கும் எதுக்கு? இந்தச் செகப்பு பட்டன நான் புடிச்சுக்கிறேன். நீங்க கிட்டக்க வந்து சாதாரணமாச் சொன்னாப் போதும். ஒருதடவ. சன்னல மூடிக்கிட்டா காத்துச் சத்தம் வராது. எம் மக அத அழுத்துவா. இருக்குன்னு தெரிஞ்சா ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் அழுத்தத்தான செய்வா? சொல்லுங்கம்மா.

அவகிட்டச் சொல்லிட்டு வந்தேனான்னா... சொன்னேன். ரிப்பேருக்குக் கொண்டுபோறேன், சாயங்காலம் வந்துருவேன்னு சொன்னேன். அவ அடம் புடிச்சா. பெட்டியோட வாரைக் கைக்குள்ள இறுக்கிக்கிட்டா. வெரலப் பிரிச்சுத்தான் எடுக்க வேண்டியிருந்துச்சு. அதுக்குள்ள 'வேண்டாம் வேண்டாம்'னு விடாம அழுத்துனா. காலங்காத்தால அந்த மூக்குக் குரலு. சுவிட்ச அமத்திட்டு எடுத்துக்கிட்டேன். சும்மா வெளையாட்டுப் புள்ளைதான.

என்னம்மா கேட்டீங்க?

பெட்டியா? ஒண்ணுதான். வேற ஏது?

எதுலன்னா... நிலா எதுல பேசுவான்னா... அவ அம்மா இருக்காள்ல பக்கத்துலயே. அவ அம்மா... அவளுக்கும் இதுதான். சாயங்காலம் வந்துருவேனேம்மா. எழுத்து அட்டை மிஸ்ஸு வீட்டுல இருக்கு, லீவுக்கு ஊருக்குப் போயிருக்கு. ஜெயக்கொடியா? நான்தான் சொன்னேனே, பேச்சுவார்த்தை இல்லன்னு. அவ எப்படி வருவா? வந்தாலும் கதவு... வெளிய நாதாங்கி போட்டுட்டு வந்திருக்கேன். நாய் உள்ள வருதுன்னு. ரெண்டு பேரும் உள்ளதான் இருக்காக. தண்ணி வச்சிட்டுத்தான் வந்தேன். எட்டுற தூரத்துல... பாண்டியம்மாவுக்கு எட்டும், இடது கைக்கு எட்டும். எட்டும்னுதான் நெனக்கிறேன்.

எத்தன மணிக்குக் கெளம்புனேன்? எட்டே முக்காலு. இப்ப என்ன, பத்தே காலா?

ஒண்ணரை மணி நேரமாச்சாம்மா?

வண்டிய நிறுத்தச் சொல்லணும். எங்க வருது இது, செம்பட்டி வந்துருச்சா? இங்கயே நிறுத்துனாலும் பரவாயில்ல, எதிர்ல வர்ற வண்டியப் புடிச்சுக்கிறேன். கண்டக்டர் முன்னாடி நிக்கிறாரு. கண்டக்...

எனக்குச் சத்தம் வரமாட்டேங்குதும்மா. நீங்க கூப்பிடுங்க. உங்க குரல் போகும். நிறுத்தச் சொல்லுங்கம்மா. இன்னும் சத்தமா, அவருக்குக் கேக்கல.